கர்ப்பத்தில் சுகர் என்று சொல்லிவிட்டார்களா? தட்டிலும் மீட்டரிலும் செய்ய வேண்டியவை

குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எடுத்த டெஸ்டில் 140-ஐத் தாண்டிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். 'சோற்றைத் தொடாதே' என்பார் ஒருவர். 'வயிற்றில் பிள்ளை இருக்கு, இரண்டு பேருக்குச் சாப்பிடணும்' என்பார் இன்னொருவர். முதல் பேச்சைக் கேட்டால் பட்டினி, இரண்டாவதைக் கேட்டால் சுகர் ஏறும். கர்ப்பகால நீரிழிவு வந்தவர்களில் பெரும்பாலோர் சாப்பாட்டை மாற்றியும் கொஞ்சம் நடந்துமே அளவைக் கட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். எதை, எவ்வளவு, எப்போது என்பதுதான் விஷயம். அதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பொதுப் பட்டியல் உங்களுக்குச் சொல்லாது. வீட்டில் விரலைக் குத்திச் சுகர் பார்க்கும் உங்கள் மீட்டர்தான் சொல்லும்.

முதலில், இது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குற்ற உணர்ச்சி போய்விடும். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதை மட்டுப்படுத்துகின்றன. குழந்தைக்குச் சத்து தடையில்லாமல் போய்ச் சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஐந்து, ஆறு மாதத்துக்கு மேல் இந்த இன்சுலின் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போகும். கணையம் அதற்கு ஈடாகக் கூடுதல் இன்சுலின் சுரந்தால் பிரச்சினை இல்லை. சுரக்க முடியாதவர்களுக்குச் சுகர் ஏறுகிறது. நம் மக்களுக்குப் பிறவியிலேயே இந்த வாய்ப்பு கூடுதல். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சுகர் இருந்தால் இன்னும் கூடுதல். மசக்கையில் நாலு மாம்பழம் சாப்பிட்டதால் வந்ததல்ல இது.

டெஸ்ட் சரியாக எடுத்தார்களா?

தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்வது ஒரே படியில் முடியும் டெஸ்ட். 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 300 மில்லி தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். வெறும் வயிறா, சாப்பிட்டு வந்தீர்களா என்று பார்ப்பதில்லை. ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. பட்டினியோடு பஸ் ஏறி வரச் சொன்னால் கர்ப்பிணி திரும்ப வரமாட்டாள் என்பதை அறிந்து இந்த முறையை எடுத்துச் சொன்னவர்கள் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி.சேஷையாவும் அவருடைய குழுவினரும். அவருடைய பிறந்தநாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அந்த டெஸ்ட் செல்லாது. மறுநாள் திரும்ப எடுக்க வேண்டும். அரை மணி தாண்டி வந்தால் தொடரலாம். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். கடைக்குப் போய் வருவதும், பசிக்கிறதென்று பிஸ்கட் கடிப்பதும் முடிவை மாற்றிவிடும்.

முதல் பரிசோதனைக்குப் போகும்போதே ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் இன்னொருமுறை என இரண்டு தடவை எடுக்க வேண்டும். முதல் டெஸ்டில் 'நார்மல்' என்று வந்ததால் இரண்டாவதைத் தவறவிடுபவர்கள் நிறைய. எதிர்ப்பு ஏறுவதே இரண்டாவது டெஸ்டின் காலத்தில்தான். தனியார் ஆஸ்பத்திரிகளில் சிலர் வெறும் வயிற்றில் தொடங்கி மூன்று முறை ரத்தம் எடுப்பார்கள். அங்கே வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153 என்பவை எல்லை. ஒன்றைத் தொட்டாலே நீரிழிவு என்று கணக்கு. முறைக்கு முறை எண் வேறு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை வைத்துப் பார்க்க வேண்டாம்.

மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி-யைக் கர்ப்பத்தில் முழுதாக நம்ப முடியாது. இந்தக் காலத்தில் சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறுவதால் அளவு குறைத்துக் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் கூட்டிக் காட்டும். 'ஏ1சி நல்லாத்தான் இருக்கு' என்று யாராவது சொன்னாலும் தினசரி அளவைப் பார்ப்பதை விடாதீர்கள்.

மீட்டர் பொய் சொல்லும் இடங்கள்

எட்ட வேண்டிய எண்கள் மூன்று: காலையில் வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணியில் 140-க்குக் கீழே, இரண்டு மணியில் 120-க்குக் கீழே. ஒரு மணியா இரண்டு மணியா என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே நில்லுங்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை பார்ப்பது நல்லது: வெறும் வயிறு, காலை, மதியம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின். இரண்டு வாரம் அளவு சீராக நின்றால் டாக்டரைக் கேட்டுக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் மீட்டர் வாங்க முடியாதவர்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேரும்படி திட்டமிட்டு, சொன்ன இடைவெளியில் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு மணி நேரம் எப்போதிலிருந்து? முதல் வாய் எடுத்து வைத்த நிமிடத்திலிருந்து. சாப்பிட்டுக் கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுபவர்களுக்கு அரை மணி பிசகி, உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். சாப்பிட உட்காரும்போதே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பின்பே குத்த வேண்டும். ஆரஞ்சு உரித்த விரலில், லட்டு பிடித்த விரலில் எடுத்த ரத்தம் 200-க்கு மேல் காட்டிப் பலரை அழ வைத்திருக்கிறது. ஸ்பிரிட் தடவினால் அது முழுக்கக் காயும்வரை காத்திருங்கள். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். குத்துவதற்கு முன் கையைத் தொங்கவிட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினால் துளி தானாக வரும்.

ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தே வைப்பது இன்னொரு தப்பு. காற்றிலுள்ள ஈரம் ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள். அடுப்பு மேடையில் வைக்காதீர்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். ரத்தசோகை கடுமையாக இருந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லி, ஒருமுறை ஆய்வகத்தில் எடுத்த அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

நல்ல மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். அதனால் இன்று 118, நாளை 124 என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒற்றை எண்ணுக்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஒரே சாப்பாட்டுக்குப் பின் மூன்று நாள் தொடர்ந்து ஏறினால் அதுதான் செய்தி.

நோட்டில் எண்ணை மட்டும் எழுதினால் பயனில்லை. 'காலை 8.10, இட்லி 3, தேங்காய்ச் சட்னி, பால் காபி சர்க்கரையோடு – 148' என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து உங்களுக்கே புரியும். டாக்டருக்கு ஒரு நிமிடத்தில் புரியும்.

தட்டு

சுகரை ஏற்றுவது மாவுச்சத்து. ஆனால் அதை அடியோடு நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். அதற்குக் கீழே போனால் உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற அமிலத்தை உண்டாக்கும், எடை இறங்கும், குழந்தையின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். சுகர் 90 என்று மீட்டர் காட்டினாலும் அது பட்டினியால் வந்த 90 என்றால் பெருமைப்பட ஒன்றுமில்லை. செய்ய வேண்டியது அந்த 175 கிராமை ஆறு வேளைக்குப் பிரித்துப் போடுவது.

வீட்டுக் கணக்கு இப்படி: சின்ன இட்லி ஒன்றில் 10 கிராம். மெல்லிய வீட்டுத் தோசை ஒன்றில் ஏறத்தாழ 20. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் 20. தலைதட்டிய ஒரு கப் சோற்றில், அதாவது 150 கிராம் சோற்றில், 40-க்குக் கொஞ்சம் மேல். 200 மில்லி பாலில் 10. ஒரு ஏலக்கி வாழைப்பழத்தில் 10 முதல் 12. முட்டை, மீன், கோழியில் அறவே இல்லை. சமையலறைத் தராசு இருந்தால் முதல் வாரம் மட்டும் சோற்றை நிறுத்துப் பாருங்கள். 'கொஞ்சமாத்தான் சாப்பிட்டேன்' என்று நினைத்தது இரண்டு கப்பாக இருக்கும். பிறகு ஒரே கிண்ணத்தை அளவுக் கிண்ணமாக வைத்துக்கொண்டால் போதும்.

இதை வைத்து ஒரு நாளைப் போட்டுப் பார்க்கலாம். காலை ஏழரைக்கு இரண்டு இட்லி, காய் நிறையப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை: 30 கிராம். பத்தரைக்குச் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர், பாதிக் கொய்யா: 20. மதியம் ஒரு கப் சோறு, கீரைக் கூட்டு, பொரியல், மீன் குழம்போ பருப்போ, தயிர்: 50. மாலை நாலரைக்கு அரைக் கப் கொண்டைக்கடலைச் சுண்டல்: 20-க்குள். இரவு எட்டுக்கு இரண்டு சப்பாத்தி, காய்க் குருமா, கொஞ்சம் பனீரோ கோழியோ: 45. படுக்கும் முன் பால், நாலு பாதாம் அல்லது ஒரு பிடி வேர்க்கடலை: 12 முதல் 15. கூட்டினால் 175-ஐ ஒட்டி வரும். பட்டினியும் இல்லை, ஒரே வேளையில் மலைபோல் ஏறுவதும் இல்லை.

காலைச் சாப்பாடுதான் மிகவும் படுத்தும். விடியற்காலையில் ஏறும் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களால் காலையில் இன்சுலின் வேலை செய்வது மிகக் குறைவு. மதியம் ஒரு கப் சோறு சாப்பிட்டு 112 காட்டுபவருக்கே காலையில் மூன்று தோசை 160-ஐத் தொடும். அதனால் காலை வேளையில் மாவுச்சத்தை 30 கிராம் அளவில் நிறுத்தி, வயிற்றை முட்டை, சுண்டல், பயறு கொண்டு நிரப்புங்கள். பச்சைப்பயறை அரைத்த பெசரட்டு, பருப்பு கூடுதலாகப் போட்ட அடை ஆகியவை வெறும் அரிசித் தோசையைவிடப் பலருக்கு ஒத்துப்போகின்றன. பொங்கல், பூரி, இடியாப்பம் தேங்காய்ப்பால், ஆப்பம் பால் ஆகியவை காலையில் வேண்டாம். ஆசையாக இருந்தால் மதியத்துக்கு மாற்றி, அளவோடு சாப்பிட்டு, மீட்டரைப் பாருங்கள்.

சாப்பிடும் வரிசையும் கணக்கில் வரும். முதலில் பொரியலும் கூட்டும் முட்டையோ மீனோ, கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் அதே சோறு மெதுவாக ஏறும். இலையில் சோறு விழும்வரை காத்திருந்து பழகிய கைக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கஞ்சியும் கூழும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லது என்று நம்பிக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். கேழ்வரகும் கம்பும் நல்ல தானியங்கள்; ஆனால் மாவாக அரைத்து, தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் சட்டென்று சுகராக மாறும். அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டினால் அவ்வளவு வேகமில்லை. அங்கன்வாடியில் தரும் சத்துமாவில் வெல்லம் உண்டு. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உங்களுக்கு எவ்வளவு என்பதைச் செவிலியரிடம் கேட்டு, குடித்து இரண்டு மணியில் அளவு பார்த்து முடிவு செய்யுங்கள். சிறுதானியம் என்றால் அளவே வேண்டாம் என்ற நினைப்பும் தப்பு. வரகுச் சோறும் சாமைச் சோறும் சோறுதான், கப் கணக்கு அவற்றுக்கும் உண்டு.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன் எல்லாம் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரையே. இரும்புச்சத்துக்கு என்று பேரீச்சை சாப்பிட்டால் சுகர்தான் முதலில் ஏறும். இரும்புக்கு மாத்திரை இருக்கிறது, அதை நிறுத்தாதீர்கள். டானிக் குடிப்பவராக இருந்தால் அதில் சர்க்கரைப் பாகு இருக்கிறதா என்று பாட்டிலில் பாருங்கள். 'டயபடிக் பிஸ்கட்' என்று அச்சிட்டதிலும் பெரும்பாலும் மைதாதான்.

பழம் முழுசாகச் சாப்பிடலாம், ஜூஸ் கூடாது. கொய்யா, நாவல், சாத்துக்குடி, சின்ன ஆப்பிள் ஆகியவற்றில் ஏதாவது ஒரு வகை, ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில். மாம்பழ சீசனில் விழுந்திருந்தால் இரண்டு கீற்று மதியச் சாப்பாட்டோடு, அன்றைக்குச் சோற்றை அந்த அளவு குறைத்து. இளநீர்கூட மாவுச்சத்துக் கணக்கில் வரும். தாகத்துக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட நீர்மோரும் போதும்.

பாகற்காயைப் பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூக் கஷாயம் என்று மருந்தளவில் எடுப்பது வேறு. கர்ப்பத்தில் இவை பாதுகாப்பானவை என்பதற்கு ஆதாரம் இல்லை. இன்சுலின் போடுபவர் இவற்றையும் குடித்தால் சுகர் எதிர்பாராமல் இறங்கிவிடலாம்.

பிறகு வளைகாப்பு. ஏழாம் மாதம் என்பது 28 வாரம். இன்சுலின் எதிர்ப்பு வேகமாக ஏறும் நேரத்தில்தான் எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கலந்த சாதங்களும் இனிப்பும் வரிசையாக வருகின்றன. விழா வேண்டாம் என்று சொல்ல எந்த அவசியமும் இல்லை. எல்லாச் சாதத்திலும் இரண்டு இரண்டு பெரிய ஸ்பூன் எடுத்தால் மொத்தம் ஒரு கப்தான். அதற்கு முன் சுண்டலும் முட்டையும். இனிப்பை வாயில் ஊட்டிவிடும் அத்தைமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் கணவரின் வேலை. அதற்கடுத்த இரண்டு வாரம் ஒவ்வொரு உறவினராகத் தூக்குவாளியில் கொண்டுவரும் கட்டுச்சோறுதான் உண்மையான சிக்கல். வந்ததை வீட்டார் சாப்பிடட்டும்.

சஷ்டி, பிரதோஷம் என்று பட்டினி இருக்கும் விரதம் இந்தக் காலத்தில் வேண்டாம். ரமலான் நோன்பிலும் கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு. பின்னால் ஈடு செய்துகொள்ளலாம்.

விடியற்காலை அளவு மட்டும் இறங்க மறுத்தால்

சாப்பாட்டுக்குப் பின் எல்லாம் 110, 115. காலையில் மட்டும் 99, 102. இது நிறையப் பேருக்கு நடக்கும். இரவு முழுக்க ஈரல் சர்க்கரையை வெளிவிடுவதால் வருவது இது. இரவுச் சாப்பாட்டை இன்னும் குறைத்தால் சரியாகும் என்று நினைப்பது இயல்பு. அது பல நேரம் வேலை செய்யாது. முதலில் இரவு இடைவெளியைப் பாருங்கள். ஏழு மணிக்குச் சாப்பிட்டுக் காலை ஏழுக்கு எழுந்தால் பன்னிரண்டு மணி நேரம். பத்து மணி வாக்கில் பாலும் கொஞ்சம் கடலையும் எடுத்து, இடைவெளியைப் பத்து மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடங்கள். நாலைந்து நாள் பார்த்தும் 95-க்கு மேலேயே நின்றால் அதைச் சாப்பாட்டால் இறக்குவது கடினம். மருந்து தேவைப்படும். உங்கள் முயற்சியில் குறை ஒன்றுமில்லை.

நடப்பதைப் பொறுத்தவரை, காலையில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடப்பதைவிட ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் 10 முதல் 15 நிமிடம் நடப்பது மேல். தசைகள் வேலை செய்யும்போது இன்சுலின் தயவு அதிகம் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வெயிலில் போக வேண்டியதில்லை. மொட்டை மாடியிலும் வீட்டுக் கூடத்திலும் நடந்தால் போதும். ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, கர்ப்பவாயில் தையல், ஓய்வு என்று டாக்டர் சொன்னது இவற்றில் ஏதாவது இருந்தால் நடக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை, ஊசி

சாப்பாட்டை மாற்றி இரண்டு வாரத்தில் இரண்டு மணி அளவு 120-க்குக் கீழே வரவில்லை என்றால் மெட்ஃபார்மின் மாத்திரை அல்லது இன்சுலின் ஊசி தொடங்குவார்கள். தொடக்கத்திலேயே அளவு மிக அதிகமென்றால் காத்திருக்கமாட்டார்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் பேதியும் வரும். முதல் வாரம் கொஞ்சம் படுத்திவிட்டு அடங்கும்.

இன்சுலின் என்றதும் பதறுவார்கள். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. உங்கள் ரத்தச் சர்க்கரைதான் தாண்டிப் போகும். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போடணும் என்பதும் இங்கே பொருந்தாது. பெரும்பாலோருக்குப் பிரசவத்தோடு நின்றுவிடும்.

ஊசியில் உயிருக்கே ஆபத்தான தப்பு ஒன்று உண்டு. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். மருந்துக்கடையில் குப்பி வாங்கும்போதெல்லாம் லேபிளில் 40-ஆ 100-ஆ என்று பார்த்து, சிரிஞ்சோடு ஒத்துப் பாருங்கள்.

வயிற்றிலோ தொடையிலோ போடலாம். வயிற்றில் போட்டால் குழந்தைக்குக் குத்தும் என்ற பயம் வேண்டாம்; ஊசி தோலுக்கு அடியிலுள்ள கொழுப்போடு நின்றுவிடும். தொப்புளை ஒட்டிக் குத்தாதீர்கள். தினமும் இடத்தை இரண்டு விரல் அகலம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் போட்டால் கட்டிதட்டி மருந்து சரியாக ஏறாது. வெண்மையாகக் கலங்கிய இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்டுங்கள். சாதாரண மனித இன்சுலினும் 30:70 கலவையும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது.

ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். ஃபிரீசரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்த மருந்து வீண். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் குப்பியைப் பாலித்தீன் பையில் கட்டி, அதை ஒரு டப்பாவில் போட்டு, ஈர மணலுக்கு நடுவே வைத்த மண்பானைக்குள் வைக்கலாம். பானை நிழலில் இருக்கட்டும், மணல் காயாமல் தண்ணீர் தெளியுங்கள்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் இருட்டுவது ஆகியவை வந்தால் அளவு பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். குளுக்கோஸ் இல்லையென்றால் அதே அளவு சர்க்கரை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சுகர் ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்து, இன்னும் 70-க்குக் கீழே என்றால் மறுபடி அதையே செய்யுங்கள். ஏறிய பின் இரண்டு இட்லியோ ஒரு சப்பாத்தியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

குறைப்பிரசவ வாய்ப்பு இருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதன்பின் நாலைந்து நாள் சுகர் எகிறும். சாப்பாட்டில் தப்பு செய்தோமோ என்று தேடாதீர்கள். அந்த நாட்களில் அடிக்கடி பார்த்து, இன்சுலின் அளவை டாக்டர் மாற்றுவார்.

அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாதவை

குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் அன்றே போக வேண்டும்; இனிப்பு சாப்பிட்டு அசைகிறதா என்று சோதித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். எப்போது பார்த்தாலும் 200-க்கு மேல் காட்டுவது, 70-க்குக் கீழே திரும்பத் திரும்ப இறங்குவது, வாந்தியால் எதுவும் தங்காமல் போவது ஆகியவற்றுக்கும் அப்படியே. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் வீக்கம் என்றால் ரத்தக்கொதிப்பாக இருக்கலாம். சுகர் உள்ள கர்ப்பிணிகளுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல்.

பிரசவமும் அதற்குப் பிறகும்

சுகர் என்றாலே சிசேரியன் என்பது இல்லை. கட்டுக்குள் இருந்து, குழந்தையின் எடையும் சரியாக இருந்தால் 39, 40 வாரத்தில் சுகப்பிரசவத்துக்கே முயற்சி செய்வார்கள். ஸ்கேனில் எடை 4 கிலோவைத் தாண்டும் என்று தெரிந்தால் அறுவை பற்றிப் பேசுவார்கள். பெரிய குழந்தையின் தலை வந்த பின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

தாயின் சர்க்கரை அதிகமாகப் போகும்போது வயிற்றிலுள்ள குழந்தை தன் கணையத்தில் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், இன்சுலின் மட்டும் இருக்கும். அதனால்தான் பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சுகர் இறங்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை. தூங்கினாலும் எழுப்பிக் கொடுங்கள். குதிகாலில் குத்தி அளவு பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். குழந்தை துவண்டு கிடந்தாலோ, நடுங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தேன் வைப்பது வேண்டாம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எதிர்ப்பு மளமளவென்று குறையும். இன்சுலினைப் பெரும்பாலும் அன்றே நிறுத்திவிடுவார்கள். அளவு நார்மலுக்கு வந்துவிடும். இங்கேதான் எல்லாரும் மறந்துபோகிறார்கள்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் திரும்பவும் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும். இந்த முறை வெறும் வயிற்றில். வெறும் வயிற்று அளவு 126-ஓ அதற்கு மேலோ, அல்லது இரண்டு மணியில் 200-ஓ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு நிலைத்துவிட்டது. இரண்டு மணியில் 140 முதல் 199 வரை என்றால் வாசலில் நிற்கிறது. 140-க்குக் கீழே என்றால் நல்லது, ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. தாய்ப்பால் கொடுப்பது அந்த வாய்ப்பைக் குறைக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் பத்தியம் என்ற பெயரில் தரும் லேகியத்திலும் நெய்யிலும் அளவு பாருங்கள். லேகியத்தில் வெல்லம் நிறைய.

ஆறாம் வாரம் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள். அந்த அட்டையில் அதே தேதிக்குப் பக்கத்தில் 'அம்மாவுக்கு சுகர் டெஸ்ட், வெறும் வயிறு' என்று இப்போதே எழுதிவையுங்கள். அடுத்த முறை கருத்தரித்தால் முதல் நாளே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். 24 வாரம் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டெஸ்ட் எடுப்பார்கள்.